முன்வரிசையில் தன்ஷிகா

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. பைக் நேராகப் போகவில்லை. கிரஷர் லாரி ஓடும் ரோடு முழுக்க ஜல்லித் தூசி. அங்கன்வாடி போய்ச் சேரும்போது பல்லிடுக்கில் மண்.

செய்ய வேண்டியவை:
— சார்ட் ஒட்டுவது (பழங்கள், வண்ணங்கள்)
— 31ஆம் தேதி விசிட்டுக்குப் பிள்ளைகள் பட்டியல்
— ஜூன் படிவங்கள் மேனேஜருக்கு
— பைக் செயினுக்கு ஆயில்

சார்ட் ஒட்டினேன். மற்றது ஒன்றும் ஆகவில்லை.

என்னிடம் இருக்கும் ஆறு சென்டர்களில் இதுதான் 'மாடல் சென்டர்'. எங்கள் டிரஸ்ட் தத்தெடுத்து சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தது. என் வேலை, வாரம் இரண்டு நாள் வந்து பார்ப்பது, படிவம் நிரப்புவது, சுகுணா டீச்சருக்கு விளையாட்டு வழியாகக் கற்பிப்பது எப்படி என்று சொல்லித்தருவது. டீச்சருக்குப் பதினாறு வருட சர்வீஸ். எனக்கு ஒன்றே கால் வருடம். பி.எஸ்சி. கணக்கு. எங்கள் ஊர் மானாம்பதியில் நைனா மற்றவர்களிடம் என்னை எஜுகேஷன் ஆபீசர் என்கிறார். வீட்டுக்குள் 'கை தட்ற வேல'.

மதியம் ஒன்றரை. பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம். எதிரே அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற ஏற்பாடு. மைக்செட்காரன் வேப்பமரத்தில் புனல் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறான், வாய் எங்கள் ஜன்னலைப் பார்த்து. முன்னறிவிப்பு இல்லாமல் பாட்டைப் போட்டான். சுவரே அதிர்ந்தது. இருபது பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு அழுகை. டீச்சர் வெளியே ஓடிக் கத்தினார்.

ஒரு பிள்ளை மட்டும் தூக்கம். தன்ஷிகா. நாலேகால் வயது. ஜன்னலுக்கு நேர் கீழே, வாயைத் திறந்துகொண்டு.

ஹெல்பர் பச்சையம்மா சொன்னார்: "குடுத்து வெச்ச கொயந்த தம்பி. இடி வுய்ந்தாகூட தூங்கும்."

எல்லோரும் சிரித்தோம். நானும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மருதம் திருப்பம் தாண்டும்போது என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

இன்று என் முறை இல்லை. வேறு சென்டருக்குப் போக வேண்டியவன் இங்கே வந்தேன். டீச்சர் சந்தேகமாகப் பார்த்தார். திடீர் செக்கிங் என்று நினைத்திருப்பார்.

காலையிலிருந்து அவளை மட்டும் பார்த்தேன்.

வகுப்பு இப்படி. டீச்சர் முன்னால் நிற்பார். "இது இன்னா?" இருபத்தொரு வாய் ஒரே குரலில் "ஆப்பிள்." "இது?" "மாம்பயம்." அட்டெண்டன்ஸ்கூடக் கும்பலாகத்தான். "எல்லாரும் வந்தாச்சா?" "வந்தாச்சு டீச்சர்." தலையை எண்ணி செல்போனில் ஏற்றிவிடுவார். பாட்டு என்றால் கையசைவோடு. தன்ஷிகா முதல் வரிசை. டீச்சரின் வாயில் இருந்து கண்ணை எடுப்பதில்லை. யானைப் பாட்டில் எல்லோருக்கும் முன்னால் அவள் கை தும்பிக்கை ஆகிறது. மற்றதுகள் அவளைப் பார்த்துத்தான் ஆடுகின்றன.

பதினோரு மணிக்கு அவள் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு தடவை. பக்கத்துப் பிள்ளை திரும்பியது. அவள் திரும்பவில்லை. பக்கத்துப் பிள்ளை திரும்பியதைப் பார்த்து, பிறகு திரும்பினாள். அந்த அரை நொடி. அதை ஒன்றே கால் வருடமாக நான் பார்க்கவில்லை.

அடுப்படியில் பச்சையம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் பெரிய குண்டான் மூடியை சிமெண்ட் தரையில் போட்டார். கூரைப் புறா பறந்தது. எல்லாப் பிள்ளைகளும் துள்ளின. அவள் கட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். பச்சையம்மா மூடியை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சரிடம் சொன்னேன். கோபம்.

"இன்னா சார் பேசறீங்க. அது என் ஸ்டாரு. சொன்னது மொத்தம் செய்யும். பேச்சு வரல, அவ்ளோதான். அவங்கப்பனே ஆறு வயசுலதான் வாயத் தொறந்தாராம்."

தனியாக ஒரு நாளாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா என்றேன். தப்பான கேள்வி. சமையல் கணக்கு, எடை போடுவது, சத்துமாவு, கர்ப்பிணிப் பதிவு, போனில் ஏறாத போட்டோ, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கடைசியில், நீங்க வந்து ஒரு நாள் நடத்திப் பாருங்க என்றார். நியாயம்தான். ஒரு பிள்ளையை ஒரு நிமிடம் தனியாகக் கேட்டால் இருபத்தொரு நிமிடம். அந்த இருபத்தொரு நிமிடம் அந்த அம்மாவுக்கு நாள் முழுக்க எங்கேயும் இல்லை. 'தரமான முன்பருவக் கல்வி' என்று சுவரில் நாங்கள் எழுதியிருக்கிறோம். அந்த நிமிடத்தை யாரும் எழுதித்தரவில்லை.

வீட்டுக்கு வந்து ஜூன் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. 'சொல்வதைக் கவனிக்கிறாள்: மிக நன்று.' 'குழுவில் பங்கேற்பு: மிக நன்று.' அந்த சென்டரிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான் போட்டிருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வானம் கறுத்தது, ஒரு சொட்டு இல்லை.

மேனேஜருக்குப் போன். சென்னையில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், அதுதான் பயம். நல்ல கவனிப்பு என்றார். கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார். முப்பத்தொன்று முடியட்டும் என்றார். பணம் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் வருகிற நேரத்தில் ஊரில் ஒரு குடும்பத்தைக் கலவரப்படுத்த வேண்டாமாம். யானைப் பாட்டு வீடியோ அவர்களுக்கு ஏற்கெனவே போயிருக்கிறது, அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். முன்வரிசையில் நிறுத்தச் சொன்னார்.

அந்த வீடியோ எடுத்தவன் நான்.

போனை வைக்கும் முன் செப்டம்பரில் என் கான்ட்ராக்ட் புதுப்பிப்பு பற்றி இரண்டு வார்த்தை, தானாகவே. மிரட்டல் இல்லை. அன்பாகத்தான்.

இரவு பாதித் தட்டில் எழுந்துவிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

வெயில். உத்திரமேரூரில் பைக் செயின் மாற்றினேன்.

நாலேகாலுக்குக் கம்பெனி பஸ் ஊர் முனையில் நின்றது. தன்ஷிகாவின் அம்மா ரேவதி இறங்கினாள். ஒரகடம் பக்கம் ஏதோ வயர் கம்பெனி. காலை ஷிப்ட். நீலக் கோட்டுக்கு மேல் வயிறு தெரிகிறது, ஆறாம் மாதம். என் வயதுதான் இருக்கும். ஒன்றிரண்டு குறைவாகக்கூட.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. பாப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

அவள் அதிரவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். நடந்துகொண்டே பேசச் சொன்னாள்.

"குக்கர் விசில் அடிச்சா திரும்பாது சார். ஒன்ற வயசுலயே தெரியும் எனக்கு."

ஒன்றரை வயதிலேயே. யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம்கூட. தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பழக்கியிருக்கிறாள். ஆளின் வாயைப் பார், பக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பார், அது என்ன செய்கிறதோ அதைச் செய். இரண்டரை வருடத்துக்கு மேல். வேலைக்குப் போய் வந்து தினமும் சாயந்திரம். இதைவிடக் கவனமாக ஒரு பிள்ளைக்கு யாரும் எதையும் சொல்லித்தந்து நான் பார்த்ததில்லை. சொல்லித்தந்தது ஒளிந்துகொள்வதை.

ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

புருஷன் செந்தில் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். அம்மாவின் தம்பி. பத்தொன்பது வயதில் கட்டிவைத்தார்கள். நிலம் வெளியே போகக் கூடாது என்று.

"ரெண்டு பக்கமும் ஒரே வூடு சார். திட்றதுக்குகூட வேற ஆளு இல்ல. எல்லாம் என் தலையிலதான் வுயும். இதுக்கு இப்டின்னு தெரிஞ்சா, வயித்துல கீறத இன்னா பண்ணச் சொல்வாங்கன்னு நெனச்சிப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன்.

சீக்கிரம் பரிசோதித்தால் மெஷின் உண்டு, ஆபரேஷன் உண்டு, அரசாங்கமே செய்கிறது, வயது ஏற ஏறப் பலன் குறையும் என்றேன். படிவத்தில் இருப்பதை ஒப்பிப்பது போல இருந்தது எனக்கே. அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். வீடு தெரியும் இடத்தில், இதுக்கு மேல வராதீங்க சார், பார்த்தால் பேசுவார்கள் என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

ஒன்றும் இல்லை. துணி துவைத்தேன். நைனா டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்ததா என்று மூன்று தடவை கேட்டார்.

மதியம் காதில் பஞ்சு அடைத்து, மேலே ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஊர் முனையிலிருந்து அந்த கிரஷர் ரோட்டில் அங்கன்வாடி வாசல் வரை நடந்தேன். பைத்தியக்காரத்தனம். திரும்பி வரும்போது ஒரு டிப்பர் என் முழங்கையை உரசுகிற மாதிரி போனது. காற்றுதான் முதலில் தெரிந்தது, பிறகு தூசி, பிறகுதான் லாரி. டிரைவர் தலையை நீட்டி ஏதோ சொன்னான். வாய் அசைந்தது. திட்டு என்று தெரிந்தது, என்ன திட்டு என்று தெரியவில்லை.

தன்ஷிகா தினமும் இந்த ரோட்டைத் தாண்டித்தான் வருகிறாள். பச்சையம்மா கையைப் பிடித்துக் கூட்டி வருவார், பெரும்பாலும்.

ஜூலை 31, வியாழன். விசிட்

காலை எட்டு மணிக்கே போனேன். டீச்சர் பட்டுப் புடவை. கோலம். பச்சையம்மாவை அடுப்படியை விட்டு வெளியே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், எதற்கென்று கேட்கவில்லை. எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். சமைப்பது யார், எந்தத் தெரு என்று வருகிறவர்கள் கேட்டால் ஊர்க்காரர் யாராவது வாயை விட்டுவிடுவாராம்.

'சுதந்திர விளையாட்டு' என்று ஒரு அரை மணி நேரம் நிகழ்ச்சி நிரலில். நாலு நாளாக ஒத்திகை. எந்தப் பிள்ளை எந்தப் பொம்மையை எடுப்பது என்பது வரை. ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த மாதிரி பிள்ளைகள் சுதந்திரமாக விளையாடின.

வந்தவர்கள் மூன்று பேர், ஒரு கேமராக்காரர். மேனேஜர் கூட.

யானைப் பாட்டு. தன்ஷிகா முன்னால். ஒரு பிசகு இல்லை.

முடிந்ததும் வந்தவர்களில் ஒரு அம்மா அவள் முன் குந்தி உட்கார்ந்தார். நல்ல மாதிரி. உண்மையாகவே பிள்ளைகளைப் பிடிக்கும் முகம். "உன் பேர் என்னடா தங்கம்?"

தன்ஷிகா அவர் வாயைப் பார்த்தாள். பக்கத்தில் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை, மற்றப் பிள்ளைகளைப் பின்னால் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஒரு நொடி அவள் கண் அங்குமிங்கும் ஓடியது. பிறகு கையைத் தூக்கித் தும்பிக்கை ஆக்கி ஆட்டினாள்.

எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். "வெக்கம் மேடம்," என்றார் டீச்சர். கேமரா ஃபிளாஷ் அடித்தது. அந்தப் படம்தான் அடுத்த வருட அறிக்கைக்கு அட்டையாம்.

நான் நாலடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டில் எடுத்து வரப் போனேன்.

தண்ணீர் பாட்டில்.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று சாயந்திரமே செய்தி. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் தன்ஷிகா படம். செந்திலின் முதலாளி வரை பார்த்துவிட்டாராம். செந்தில் கிரஷரில் டிப்பர் ஓட்டுகிறான். லாரி ஆட்கள் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தானாம். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையை எதற்கு அங்கன்வாடியில் சத்துமாவு உருண்டை தின்ன விடுவது என்று முடிவு. திங்களிலிருந்து உ.மேரூர் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் நர்சரி. வேன் வீட்டு வாசலுக்கே வரும்.

சுகுணா டீச்சர் அழுதார். பிள்ளைக்காகவா, எண்ணிக்கைக்காகவா தெரியவில்லை. இரண்டுக்கும் இருக்கும். இருபது ஆகிவிட்டது.

"நல்லாச் சொல்லிக் குடுத்தா இதான் சார் நமக்கு மிச்சம். நல்லாப் படிக்கிறத வேன் வந்து தூக்கிக்கினு பூடும்."

காலனிப் பிள்ளைகள் பதினொன்று, ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒன்பது இனி. இன்னும் இரண்டு வருடத்தில் ஊர்த்தெரு எண்ணிக்கை பூஜ்யம் ஆகும். அப்புறம் இந்தக் கட்டடத்துக்கு யாரும் மஞ்சள் பெயின்ட் அடிக்க மாட்டார்கள்.

கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. பட்டியல் போட்டுப் பார்த்தேன்: செந்தில், டீச்சர், மேனேஜர், குந்தி உட்கார்ந்த அந்த அம்மா. ஒவ்வொன்றாக அடித்தேன். மிஞ்சியது வீடியோ எடுத்தவன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லேசான தூறல், பத்து நிமிடம். மண் வாசனைகூட வரவில்லை, தூசிதான் ஒட்டிக்கொண்டது.

ரேவதியே போன் செய்தாள். பச்சையம்மாவிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள். கம்பெனி கழிவறையிலிருந்து, குரலைத் தாழ்த்தி. சரி சார், காட்டிடலாம் என்றாள். நேற்று லீவு போட்டுக் கொண்டுபோய் விட்டபோது, புதுப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் தன்ஷிகாவைப் பார்த்திருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து எல்லோர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "பயமா கீது சார்" என்றாள்.

மாவட்ட ஆசுபத்திரிக்குப் போய் வந்தேன். காது டெஸ்ட் எடுக்கும் மேடத்தைப் பார்த்தேன். பொறுமையான மனுஷி, கூட்டம் வாசல் வரை. அடுத்த புதன், பதின்மூன்றாம் தேதி, பதினோரு மணிக்கு ஒரு இடம் ஒதுக்கினார். இதுவே தாமதம், இதையும் விட்டுவிடாதீர்கள் என்றார். என் நம்பரை எழுதிக்கொண்டார்.

திட்டம்:
— புதன் ரேவதி கம்பெனிக்கு லீவு. செந்திலிடம் வயிற்று ஸ்கேன் என்று சொல்வாள்.
— அவன் லாரிக்குப் போன பிறகு, அவனுக்குச் சொல்லாமல் பிள்ளையையும் கூட்டிக்கொள்வாள்.
— ஊர் முனை, 8.40 பஸ். நான் அதே பஸ்ஸில் மானாம்பதியிலிருந்து.
— காகிதங்கள் என்னிடம்.

ஒரே முடிச்சு பள்ளிக்கூடம். பிள்ளை வராவிட்டால் உடனே அப்பாவுக்குப் போன் போடுவார்களாம். ஸ்கேனுக்குப் பிள்ளை எதற்கு என்று அவன் கேட்டால் எல்லாம் போச்சு. நீங்க போய் மிஸ் கிட்ட நல்லபடியா பேசிடுங்க சார், படிச்சவங்க சொன்னா கேப்பாங்க என்றாள்.

படிச்சவங்க.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சென்டர் போகவில்லை. தலைவலி என்று மெசேஜ். உண்மையிலும் தலைவலி.

பள்ளிக்கூடத்தில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று எழுதிப் பார்த்தேன். காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொன்னால் போதும். ஆனால் நாளைக்குப் பள்ளியும் தெரிந்துகொள்ள வேண்டும்தானே, முன்னால் உட்கார வைக்க வேண்டும்தானே. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு. பள்ளி என்றால் பள்ளிதானே, புரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்யாண மண்டபத்தைத் தடுத்துப் பள்ளிக்கூடம். தகர ஷீட் கூரை. உள்ளே ஐந்து வகுப்பு, ஐந்தும் ஒரே நேரத்தில் கத்துகின்றன. காது கேட்கிற எனக்கே ஒன்றும் புரியவில்லை. நடத்துகிறவரைப் பிள்ளைகள் பெரிய மிஸ் என்கின்றன. ஐம்பது வயது, கண்ணாடி, மரியாதையான பேச்சு. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

தன்ஷிகா பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. நோட்டை எடுத்துவரச் சொல்லிக் காட்டினார். ஏ முதல் எம் வரை. ஒரு வாரத்தில். அச்சு. கோட்டுக்கு மேலே ஒரு முடி அளவு போகவில்லை.

"போர்ட்ல எழுதிப் போட்டா அப்படியே எடுத்துடும் சார். சத்தமே போடாது. இதுமாரி நாப்பது இருந்தா நான் நிம்மதியா ஸ்கூல் நடத்துவேன். அடுத்த மாசம் யூ.கே.ஜி.ல போட்றலாம்னு இருக்கேன்."

சொன்னேன். காது கேட்காது என்று நினைக்கிறோம், புதன்கிழமை டெஸ்ட், ஒரு நாள் லீவு, அப்பாவுக்கு இப்போதைக்குப் போன் வேண்டாம்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அங்கன்வாடியில் இருந்து வருகிறீர்களா என்று கேட்டார். ஆமாம். பிள்ளை போனதில் உங்களுக்கு எண்ணிக்கை குறைந்துவிட்டதா என்று கேட்டார். கிண்டல் இல்லை, சாதாரணமாக. நான் ஏதோ உளறினேன்.

வாங்க, இப்பவே பார்த்துடலாம் என்று எழுந்தார்.

வகுப்பின் பின்பக்கம் போய் நின்றோம். நாற்பது முதுகு. தன்ஷிகா முதல் பெஞ்சில் ஓரம். பெரிய மிஸ் குரல் கொடுத்தார்.

"தன்ஷிகா, ஸ்டாண்ட் அப்."

நாற்பது தலையும் தன்ஷிகாவின் பக்கம் திரும்பின. அவள் நிமிர்ந்தாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். 'எஸ் மிஸ்' என்று வாய் அசைத்தாள், சத்தம் வந்ததா என்று அந்த இரைச்சலில் யாருக்குத் தெரியும்.

"பாத்தீங்களா சார். கேக்குது."

மறுபடி கூப்பிடுங்கள், மற்றப் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. முன்னால் நின்ற சின்ன மிஸ் சிரித்தாள். பெரிய மிஸ் சிரிக்கவில்லை.

"நீங்க டாக்டரா சார்?"

இல்லை.

"அப்புறம் ஒரு பொம்பளப் புள்ளைய செவுடுன்னு ஊர்ல சொல்லிக்கினு திரியாதீங்க. நாளைக்கு அதுக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு கீது."

நாலு வயது.

தன்ஷிகா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவள் எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு ரேவதி போன். கம்பெனி பஸ்ஸுக்குள் இருந்து. பின்னால் பாட்டுச் சத்தம், பெண்கள் பேச்சு. அவள் குரலை இதுவரை நான் கேட்டதே இல்லை, இப்படி.

"சார், மிஸ்ஸு நேத்து ராத்திரி போன் பண்ணாங்க. பின்னாடி நின்னு கூப்ட்டாங்களாமே. எய்ந்து நின்னுச்சாமே."

நான் சொல்ல ஆரம்பித்தேன். மற்றப் பிள்ளைகள் திரும்பின, அதைப் பார்த்து எழுந்தாள், நீயே பழக்கியதுதானே ரேவதி என்று. அவள் கேட்கவில்லை. பேசிக்கொண்டே போனாள். அழுகையும் சிரிப்புமாக. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். நான்தான் தப்பா நெனச்சிக்கினேன் போல சார், குக்கர் சத்தம் பிடிக்காம திரும்பாம இருந்துருக்கும் சார் என்றாள். கொஞ்சம் கொஞ்சமா வருதுபோல சார் என்றாள். வயிற்றில் இருக்கிறதும் நேற்று ராத்திரி நன்றாக அசைந்ததாம்.

செந்திலுக்கும் மிஸ் போன் போட்டிருக்கிறார். யாரோ அங்கன்வாடி ஆள் வந்து பிள்ளையைப் பற்றிக் கன்னாபின்னாவென்று பேசினான் என்று. அவன் என் பெயரை விசாரித்துக்கொண்டு இருக்கிறானாம். அதை ரேவதி கடைசியில்தான் சொன்னாள், சாதாரணமாக.

"கோச்சிக்காதீங்க சார். நல்லதுக்குதான் சொன்னீங்க. இனிமே வூட்டாண்ட வராதீங்க."

வைத்துவிட்டாள்.

நான் மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. நாலு தடவை. ஐந்தாவது தடவை நம்பர் பிஸி, பிறகு எப்போதும் பிஸி.

மேனேஜரிடமிருந்து மெயில். பள்ளியிலிருந்து புகார் போயிருக்கிறது. விளக்கம் வேண்டுமாம், எழுத்தில், வெள்ளிக்குள்.

பச்சையம்மாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார். தோலை ஒதுக்கிவிட்டு, நான் மூடியப் போட்டுக் காமிச்சேனே தம்பி, அன்னிக்கே அத்தப் பெத்தவங்களையும் கூட்டியாந்து நிக்க வெச்சிருக்கணும் என்றார்.

ஆமாம்.

ஆகஸ்ட் 13, புதன்

வானம் மப்பு. காற்று இல்லை இன்று, இலை அசையவில்லை.

8.40 பஸ்ஸில் ஏறினேன், மானாம்பதியிலிருந்து. காகிதங்களோடு. ஊர் முனையில் பஸ் நின்றது. ஒரு கீரைக்காரி ஏறினாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்வதற்குள் நான் இறங்கிவிட்டேன், ஏன் என்று தெரியாமல். அவள் தெருவுக்குள் போகவில்லை. போக முடியாது. நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன். டிப்பர்கள் போயின, ஒவ்வொன்றிலும் செந்தில் இருப்பானோ என்று பார்த்தேன். ஒன்பதேகாலுக்குப் பள்ளி வேன் போனது, கண்ணாடி முழுக்கப் பிள்ளைகள். எது அவள் என்று தெரியவில்லை.

பதினொன்று பத்துக்கு ஆசுபத்திரியிலிருந்து போன். அந்த மேடம்தான். வாசலில் ஆள் நிற்கிறது, உங்கள் குழந்தை வருகிறதா, இல்லை அடுத்த குழந்தையைக் கூப்பிடலாமா என்று கேட்டார்.

கூப்பிடுங்கள் என்றேன்.